பெயர் வருமுன் பயிற்சி வர வேண்டும்

கைக்குழந்தைக்கு நான்கைந்து மாதங்கள் கடந்தும் தலை நிற்கவில்லை என்றால், வைகை அணையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் முதல் சொல் பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கிறது: அதன் அப்பனுக்கும் தாமதமாகத்தான் நின்றது, பொறுத்தால் சரியாகிவிடும். பல குழந்தைகள் விஷயத்தில் இந்த ஆறுதல் பலித்தும் விடுகிறது என்பதுதான் இதிலுள்ள சிக்கல். பலித்த வீட்டின் கதை ஊரெல்லாம் சொல்லப்பட, பலிக்காத வீட்டின் கதை நான்கு சுவர்களுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மருத்துவமும் அரசும் இதே சொல்லைத் தத்தம் மொழியில் சொல்கின்றன. நோயின் பெயர் உறுதியாகட்டும் என்று மருத்துவம் காத்திருக்கிறது. சான்றிதழ் வரட்டும் என்று நிர்வாகம் காத்திருக்கிறது. மூளை தன்னைத் தானே மாற்றியமைத்துக்கொள்ளும் ஆற்றல் மிகுந்திருக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் இந்தக் காத்திருப்புகளிலேயே கரைந்துவிடுகின்றன. உடல் இயக்க வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைக்கான பயிற்சி, நோயின் பெயர் உறுதியாகும் முன்பே, அக்குழந்தையின் வீட்டிலேயே தொடங்கப்பட வேண்டும் என்பதும், தேனி போன்ற மலையடிவார மாவட்டத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

குழந்தை எந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்ற கணக்கு தமிழ்ச் சமூகத்துக்குப் புதியதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையின் பருவங்களுக்கு இலக்கண மரபு மாதக் கணக்கு வகுத்திருக்கிறது. கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதத்திலும், உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதத்திலும், தளர்நடையிட்டு வரும் வருகை ஆண்டு நிறைவை ஒட்டியும் அமைகின்றன. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுகோலும் இதிலிருந்து வெகுதூரம் விலகவில்லை. அதன்படி, துணையின்றி உட்காருவது 3.8 முதல் 9.2 மாதங்களுக்குள்ளும், துணையின்றி நடப்பது 8.2 முதல் 17.6 மாதங்களுக்குள்ளும் அமையலாம். அக்குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை. ஆகவே தவழவில்லை என்ற ஒன்றுக்காக மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒன்பது மாதம் முடிந்தும் உட்காரவில்லை, பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்கவில்லை என்றால் பொறுத்திருப்பதற்கு நியாயமும் இல்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும் வயதைப் பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். ‘திருத்திய வயது’ எனப்படும் இந்தக் கணக்கில், இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தையின் ஆறாம் மாதம் நான்காம் மாதமாகவே கொள்ளப்படும். இரண்டு வயது வரை இக்கணக்கே பொருந்தும்.

மாதக் கணக்கைவிடக் கூர்மையான அடையாளங்கள் குழந்தை அசையும் விதத்தில் இருக்கின்றன. நான்கு மாதத்துக்குப் பின்னும் கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி இறுகியே இருப்பது, தூக்கினால் கால்கள் கத்தரிபோல் குறுக்கிட்டுக்கொள்வது, முதுகு வில்லாய் வளைவது, உடம்பு துணிபோல் துவள்வது, ஒரு வயதுக்குள்ளேயே ஒரே கையை மட்டும் பயன்படுத்துவது ஆகியவை அத்தகையவை. கடைசி அடையாளத்தைப் பல வீடுகள் இடதுகைப் பழக்கம் என்று மகிழ்ச்சியுடன் எடுத்துக்கொள்கின்றன. ஒரு வயதுக்கு முன் கைப்பழக்கம் நிலைப்பதில்லை என்பதால், அது மற்றக் கையின் பலவீனமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இவற்றையெல்லாம் முதலில் காணக்கூடியவர் மருத்துவர் அல்லர். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் கிடத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் மூதாட்டியின் கைகளுக்குத் தொடை விரியாததும் முஷ்டி திறக்காததும் முதல் மாதங்களிலேயே தெரிந்துவிடுகின்றன. அவரிடம் கேட்டு எழுதிக்கொள்வதற்கான கட்டம் எந்த மருத்துவப் படிவத்திலும் இல்லை.

மூளை முடக்குவாதம் அல்லது பெருமூளை வாதம் என்பது, வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ ஏற்பட்ட சேதத்தால் உடல் அசைவும் நிமிர்வும் நிரந்தரமாகப் பாதிக்கப்படும் நிலையாகும். மூளையில் ஏற்பட்ட சேதம் நாளடைவில் பெருகுவதில்லை. ஆனால் பயிற்சியின்றி விடப்பட்ட தசைகளும் மூட்டுகளும் ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டே போகும். தசை விறைப்பு மிகுந்த வகையே பெரும்பான்மை. கட்டுப்பாடில்லாத அசைவுகள் மிகுந்த வகையும், உடற்சமநிலை குலைந்த வகையும் உண்டு. இந்தியாவில் ஆயிரம் குழந்தைகளுக்கு ஏறத்தாழ மூவர் என்ற அளவில் இது காணப்படுவதாக ஆய்வுத் தொகுப்புகள் மதிப்பிடுகின்றன. இந்நிலையுள்ள குழந்தைகள் எல்லாரும் அறிவுத்திறன் குறைந்தவர்கள் என்ற பொதுநம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. வளர்ந்த நாடுகளின் பதிவேடுகளின்படி அவர்களில் பாதிப் பேருக்கு அத்தகைய குறைபாடு கிடையாது; மூவரில் இருவர் நடக்கவும் செய்கிறார்கள்.

இந்நிலைக்குக் காரணம் தேடும்போது இங்கு முதலில் கூண்டில் ஏற்றப்படுபவள் தாய். கிரகணத்தன்று வெளியே வந்தாள், நிறைமாதத்தில் குடம் தூக்கினாள் என்று தொடங்கும் குற்றப்பத்திரிகைக்கு மருத்துவத்தில் இடமே இல்லை. லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் 1860-களின் தொடக்கத்தில் இந்நோயைக் கடினமான பிரசவத்தோடு இணைத்துக் காட்டினார். உளப்பகுப்பாய்வால் பின்னர் பெயர்பெற்ற சிக்மண்ட் பிராய்டு, நரம்பியல் மருத்துவராக இருந்த காலத்தில், 1897-இல் வெளியிட்ட நூலில், பிரசவம் கடினமானதே கருவில் ஏற்கெனவே நேர்ந்த கோளாறின் விளைவாக இருக்கலாம் என்று மறுத்தார். பிற்கால ஆய்வுகள் பெரிதும் பிராய்டின் பக்கமே சாய்ந்தன. வளர்ந்த நாடுகளில் பிறப்பின்போதான மூச்சுத்திணறல் சிறுபான்மைக் குழந்தைகளுக்கே காரணமாக இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் அதன் பங்கு கூடுதல். குறைமாதப் பிறப்பும், தொற்றும், அளவு மீறிய மஞ்சள் காமாலையும் அதனுடன் சேர்கின்றன. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று விடப்படும் கடுமையான காமாலை மூளையின் ஆழ்பகுதிகளை நிரந்தரமாகச் சிதைக்கும் என்பதும், ஒளிச்சிகிச்சையால் அதைப் பெரும்பாலும் தடுக்கலாம் என்பதும் ஒவ்வொரு பேறுகால வார்டிலும் எழுதி ஒட்டப்பட வேண்டியவை.

மூச்சுத்திணறிப் பிறந்த குழந்தையின் உடல்வெப்பத்தை மூன்று நாட்களுக்குக் குறைத்து வைத்து மூளையைக் காக்கும் முறை மேலைநாடுகளில் வழக்கமாகிவிட்டது. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்து 2021-இல் வெளியான ஆய்வோ நேர்மாறான முடிவைக் கண்டது. குளிரூட்டப்பட்ட குழந்தைகளில் 42 சதவீதமும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தன. இங்குள்ள குழந்தைக்கு மூளைச் சேதம் நேரும் விதமும் நேரமும் வேறாக இருக்கக்கூடும் என்பதே அதற்குச் சொல்லப்படும் விளக்கம். பிறந்த சில மணி நேரத்தில் செய்து முடிக்கும் அற்புதம் எதுவும் இந்த மண்ணுக்கு இன்னும் கைவரவில்லை என்னும்போது, வீடு திரும்பிய பின் வரும் மாதங்களின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

தாமதமெல்லாம் மூளை முடக்குவாதம் ஆகிவிடாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். தைராய்டு சுரப்புக் குறைவு, தாய்க்கு வைட்டமின் பி12 குறைந்திருப்பதால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கும் ஏற்படும் குறைவு ஆகியவை குழந்தையைத் துவளச் செய்யும். காலத்தில் கண்டால் இரண்டுக்கும் மலிவான மருந்து உண்டு. மூளை முடக்குவாதம்போலவே தோன்றினாலும், லெவோடோபா என்ற மாத்திரையால் வியக்கத்தக்க அளவில் சீராகும் ஓர் அரிய மரபணுநோயும் உண்டு. அக்காள் மகளையும் அத்தை மகளையும் மணப்பது இன்னும் வழக்கொழியாத பகுதிகளில் மரபணுநோய்களை எண்ணிப் பார்க்காமல் முடிவுக்கு வருவது சரியன்று. பிரசவத்தில் சிக்கல் ஏதும் இல்லாமல், மூளைப் படத்திலும் ஒன்றும் தெரியாமல், கற்றுக்கொண்ட திறனைக் குழந்தை இழந்துகொண்டே வருமானால், வைத்த பெயரை மருத்துவர் மறுபரிசீலனை செய்தே ஆக வேண்டும். கண்ணும் காதும் இதோடு சேர்ந்தவை. 34 வாரத்துக்கு முன்போ, இரண்டு கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தையின் விழித்திரையைப் பிறந்த நான்கு வாரத்துக்குள் பார்த்தாக வேண்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கிளை 1985 முதல் தேனியிலேயே இருப்பது இம்மாவட்டத்தின் நற்பேறு.

இரண்டு வயது வரை பொறுத்துத்தான் மூளை முடக்குவாதத்தை உறுதிசெய்ய முடியும் என்று பல்லாண்டுகள் கற்பிக்கப்பட்டு வந்தது. 2017-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட ஆய்வுரை அதைத் தலைகீழாக்கியது. திருத்திய வயது ஆறு மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் கண்டறியலாம், உறுதியாகச் சொல்ல முடியாதபோதும் ‘மூளை முடக்குவாத அபாயம் மிகுந்த குழந்தை’ என்ற இடைக்காலப் பெயரிட்டு அன்றே பயிற்சியைத் தொடங்க வேண்டும் என்றது. ஆஸ்திரிய நாட்டு ஆய்வாளர் ஹைன்ஸ் பிரெக்டல் வகுத்த முறை இதற்குப் பெரிதும் உதவுகிறது. மல்லாந்து படுத்திருக்கும் மூன்று முதல் ஐந்து மாதக் குழந்தையின் கழுத்திலும் உடலிலும் கைகால்களிலும் சிறு சிறு நெளிவசைவுகள் ஓயாமல் ஓட வேண்டும். சில நிமிடக் காணொளியில் அவை தென்படவே இல்லை என்றால் ஐயம் வலுக்கிறது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். கைபேசியும், பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்ற ஒரு கண்ணும் போதும். மலைக்கு அந்தப்பக்கம், திருவனந்தபுரத்தில் எம்.கே.சி. நாயர் குழுவினர் 1991-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணை இதைவிடவும் எளியது. குழந்தையின் வயதுக்கு நேரே ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைத்து, அதற்கு இடப்பக்கம் முடிந்துவிடும் செயல்களைக் குழந்தை செய்கிறதா என்று பார்த்தால் போதும். மொத்தம் 17 செயல்கள்தாம். அங்கன்வாடிப் பணியாளர் ஐந்து, பத்து நிமிடங்களில் செய்து முடிக்கலாம்.

கண்டறிந்த பின் குழந்தை எங்கே செல்ல வேண்டும்? ஏட்டளவில் இதற்கு விடை ஒன்றுக்கு மூன்றாக இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையிலானோருக்காக, மருத்துவக் கல்லூரி அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் நடத்தப்படுகின்றன. மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக்குத் தனியே பயிற்சி மையங்களும் உதவித்தொகைகளும் உள்ளன. உலக வங்கிக் கடனுடன் நடைபெறும் ‘உரிமைகள்’ திட்டமும் அத்துறையினுடையதே. பள்ளிக் கல்வித்துறையின் வட்டார வள மையங்களிலும் இயன்முறை சிகிச்சையாளர்கள் உள்ளனர். இவற்றுக்கு வெளியே சமூகநலத்துறையின் அங்கன்வாடி வேறு. ஒவ்வொரு துறையும் தனித்தனியே பேரேடு வைத்துக்கொண்டிருக்க, அந்தப் பேரேடுகளை ஒரே கோப்பாகச் சேர்த்து எடுத்துக்கொண்டு அலையும் வேலை தாயின் தலையில் விழுகிறது.

தேனியின் நிலவியல் இந்த அலைச்சலைப் பெருக்குகிறது. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வருசநாட்டுச் சாலை பிரியும் க.விலக்கில், வைகை அணைக்கு அருகே அமைந்திருக்கிறது. கம்பத்திலிருந்து தேனி நகருக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர், க.விலக்கு அதற்கும் கிழக்கே. கூடலூர்க்காரர்கள் கம்பத்தையும் தாண்டி வர வேண்டும். கடமலைக்குண்டுக்கு அப்பாலுள்ள மலைக்கிராமங்களுக்குப் பேருந்து கிடைப்பதே முதல் பிரச்சினை. விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்ணுக்கு, வாரம் இரண்டு நாள் பயிற்சிக்குக் குழந்தையைக் கொண்டு செல்வது என்பது வாரத்தில் இரண்டு நாள் கூலியை இழப்பதாகும். சில வாரம் வந்து, பிறகு வராமல் நின்றுவிடும் தாயைப் ‘பொறுப்பில்லாதவர்’ என்று மருத்துவமனைக் குறிப்பேடு கருதலாம். அவருடைய வீட்டுக் கணக்கைப் பார்ப்பவர்கள் அவ்வாறு கருத மாட்டார்கள்.

சான்றிதழ் இன்னொரு கதவு. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மூளை முடக்குவாதம் அவற்றுள் அடங்கும். 1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் வரும் நிராமயா காப்பீடு, பயிற்சிச் செலவு உட்பட ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை ஈடுசெய்கிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்குத் தமிழக அரசு மாதம் ரூ.2,000 பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. இவை அனைத்தும் குறைபாடு உறுதியாகி, அதற்குச் சதவீதம் போட்ட பின் கிடைப்பவை. எட்டு மாதக் குழந்தையின் இயலாமைக்குச் சதவீதம் போடுவது மருத்துவ அளவில் பொருளற்றது. ஆனால் பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் பணம் அதிகம் தேவைப்படுவது அந்த எட்டாம் மாதத்தில்தான். அபாயம் மிகுந்தது என்று மருத்துவர் எழுதித்தரும் சீட்டையே இரண்டு வயது வரை தற்காலிகச் சான்றாக ஏற்றுக்கொள்வது இந்த முரணைத் தீர்க்கும்.

வீட்டுக்கே சென்று பயிற்சி தருவது நடக்கிற காரியமா என்று ஐயுறுவோர், இதே மேற்குத்தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் நடப்பதைப் பார்க்கலாம். 1975-இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது தண்டுவடம் முறிந்து, கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்த எஸ். ராமகிருஷ்ணன், தமக்குச் சிகிச்சை அளித்த ராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுடைய பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் 1992-இல் அவருடன் இணைந்தார்; ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, மறுவாழ்வுப் பணியாளர்களாக வீடு வீடாக அனுப்புவதும், அவர்கள் கைபேசிச் செயலியில் பதியும் விவரங்களைக் கொண்டு இயன்முறை, செயல்முறை, பேச்சுப் பயிற்சி வல்லுநர்கள் வழிகாட்டுவதும் அச்சங்கத்தின் முறை. குழந்தையின் முன்னேற்றத்தோடு தாயின் மனச்சுமையையும் அவர்கள் அளக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது. இதன் விளைவுகள் மருத்துவ ஆய்விதழ்களிலும் வெளிவந்துள்ளன. தேனிக்கு இது அந்நிய மாதிரி அன்று. நிலமும் கூலியும் குடும்ப அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே.

அரசுக்கும் இவ்வழி புதிதல்ல. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இயன்முறை சிகிச்சையாளரை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. பிறவிக் குறைபாடுள்ள குழந்தைகளைக் கண்டறிவதும் அதன் நோக்கங்களில் ஒன்றுதான் என்றாலும், அதன் அன்றாட உழைப்பு சர்க்கரை, ரத்த அழுத்தம், பக்கவாதம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்திருக்கிறது. பக்கவாதம் வந்த முதியவருக்குக் கைகால் பயிற்சி தர வருபவர், அதே தெருவில் தலை நிற்காத குழந்தை இருக்கும் வீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு அக்குழந்தையின் பெயர் அவருடைய பட்டியலில் இருக்க வேண்டும்.

பயிற்சி என்றதும் மருத்துவமனையின் கருவிகளும் பெரிய பந்துகளும் நினைவுக்கு வருவது இயல்பு. உண்மையில் அதன் பெரும்பகுதி, குழந்தையைத் தூக்குவது, படுக்க வைப்பது, ஊட்டுவது, விளையாட்டுக் காட்டுவது ஆகிய வீட்டு வேலைகளுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. நாள் முழுவதும் சேலைத் தூளியில் சுருண்டு கிடக்கும் குழந்தைக்குக் கழுத்தை நிமிர்த்த இடமே கிடையாது; தூங்குவதற்குத் தூளியும், விழித்திருக்கும் நேரத்தில் அருகில் ஒருவர் இருக்கக் குப்புறப் படுக்க வைத்த பாயும் வேண்டும். மல்லாக்கக் கிடத்திப் பாலாடையால் ஊற்றும் பால் இத்தகைய குழந்தைகளுக்கு நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்து உண்டு என்பதால், தலை சற்று முன்சாய நிமிர்த்தி உட்காரவைத்தே ஊட்ட வேண்டும். பிறர் பிடித்து நீட்டி மடக்கும் பயிற்சியைவிட, பொம்மைக்காகக் குழந்தையே கை நீட்டும் முயற்சிக்கே மூளை அதிகம் இணங்குகிறது. உட்காரவைத்து உருட்டும் பிளாஸ்டிக் நடைவண்டியை விலக்குவது நல்லது. கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடைசெய்துவிட்டது. நின்று பிடித்துத் தள்ளும் பழைய மரநடைவண்டியின் மேல் அந்தக் குற்றச்சாட்டு இல்லை. கால் விறைப்புள்ள குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகிவிடுவதால், வலி தோன்றும் முன்பே அவ்வப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.

இக்குடும்பங்களின் பணத்துக்குக் குறிவைப்போர் குறைவில்லை. குருத்தணு ஊசி போட்டால் குழந்தை நடந்துவிடும் என்ற விளம்பரத்தை நம்பி நகையும் நிலமும் விற்போர் உண்டு. ரத்தநோய்கள் போன்ற சிலவற்றைத் தவிர வேறெதற்கும் அச்சிகிச்சையை வணிகமாகச் செய்யக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் தெளிவாகக் கூறியிருக்கிறது.

செய்ய வேண்டியது பெரிய திட்டமன்று. தமிழகத்தில் புதன்கிழமை தடுப்பூசி நாள். ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளும் வந்து சேரும் ஒரே அரசு நிகழ்வு அதுதான். மக்கள் ‘மூன்றரை மாத ஊசி’ என்று சொல்லும் பதினான்காம் வாரத் தவணை, பிரெக்டல் குறிப்பிட்ட நெளிவசைவுகளைப் பார்க்கவேண்டிய காலத்தோடு அப்படியே பொருந்துகிறது; ஒன்பதாம் மாத ஊசி உட்காரும் பருவத்தோடும், ஒன்றரை வயது ஊசி நடக்கும் பருவத்தோடும் பொருந்துகின்றன. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வீடு திரும்பும் ஒவ்வொரு குழந்தையின் பெயரும் அன்றே அந்த ஊர்க் கிராம சுகாதார செவிலியரின் கைக்கு வந்து, மூன்றரை மாத ஊசியன்று சில நிமிடக் காணொளி எடுக்கப்பட்டு க.விலக்குக்கு அனுப்பப்படுமானால், தாய் முதல் பேருந்து ஏறும் முன்பே வல்லுநரின் பார்வை குழந்தை மேல் விழுந்துவிடும். கைகள் விரிகின்றனவா, தலை நிற்கத் தொடங்கியிருக்கிறதா, குளிப்பாட்டும்போது கால்கள் இறுகுகின்றனவா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுத் தடுப்பூசி அட்டையில் எழுதுவதற்குப் புதிய அரசாணையோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. மாவட்ட நிர்வாகம் மனம் வைத்தால் வரும் புதன்கிழமையே தொடங்கலாம்.